காலையில் பசிக்காத பிள்ளை



குடும்ப நலக் கூட்டம் என்றாலே கருத்தடையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்துச் சிலர் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் வாங்க. இன்றைக்குப் பேசப் போவது பல வீடுகளில் காலை வேளையில் நடக்கிற சண்டையைப் பற்றி.

விடிந்தால் நடவுக்கோ, களை எடுக்கவோ, கரும்பு வெட்டவோ போக வேண்டும். பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். அதுவோ ஒரு வாய்கூட வாங்க மாட்டேன் என்கிறது. அம்மா அதட்டுகிறாள், அப்பா கையை ஓங்குகிறார், பாட்டி குறுக்கே வருகிறாள். கடைசியில் பிள்ளை வெறும் வயிற்றோடு போகிறது. காலையில் சாப்பிடாத பிள்ளை பாடத்தில் மனம் வைப்பது கஷ்டம். மத்தியானச் சோறு வருகிற வரைக்கும் சோர்ந்துதான் கிடக்கும். ஆகவே இதை அலட்சியமாக விடுவதும் தப்பு. அடித்துத் திணிப்பதும் தப்பு. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில், குறை உண்மையா என்று பாருங்கள். 3 கிலோ எடையில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அதாவது ஒரே வருடத்தில் 6 கிலோ. ஆனால் இரண்டு வயதுக்கு மேல் ஆண்டுக்கு 2 கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. ஆகவே பிள்ளை தட்டில் வைத்த மிச்சத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எடையைப் பாருங்கள். நாம் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், ஓடி விளையாடினால், பிள்ளைக்குக் குறை ஏதும் இல்லை. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ உடனே கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, காலையிலிருந்து பிள்ளையின் வாயில் என்னென்ன போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். "ஒண்ணுமே திங்கல" என்பார்கள். கேட்டால், எழுந்ததும் ஒரு டம்ளர் டீ, அதில் தொட்டுக்கொள்ள நாலு பிஸ்கட்டு, அழுததற்குக் கடையில் ஒரு பாக்கெட்டு. அப்புறம் எங்கேயிருந்து பசிக்கும்? அந்தச் சின்ன வயிறு சர்க்கரைத் தண்ணியிலேயே நிறைந்துவிட்டது. அது மட்டுமல்ல, டீயில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. பிள்ளைக்கு டீ, காப்பி வேண்டவே வேண்டாம். பால் கொடுப்பதானால் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

மூன்றாவது, காலைப் பசி முந்தின ராத்திரியிலேயே தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குச் சோறு, அதன் பிறகு கைப்பேசி, பதினொரு மணிக்குத் தூக்கம் என்றால், காலை ஏழு மணிக்கு வயிறும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 மணிக்குக் குறையக் கூடாது. விளக்கு வைத்ததும் பிள்ளைக்கு மட்டுமாவது முதலில் சோறு போட்டுவிடுங்கள். காலையில் முக்கால் மணி முன்னால் எழுப்புங்கள். முகம் கழுவி, வெளிக்குப் போய்விட்டு வந்து, கொஞ்சம் நடமாடினால் பசி தானாக வரும். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கும் பசிக்காது. அதற்குத் தண்ணீர், கீரை, பழம் தாராளமாகக் கொடுங்கள்.

நான்காவது, பூச்சியும் சோகையும். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. கழுவாத கையோடும் கழுவாத காய்கறியோடும் வேறு புழுக்களின் முட்டை வயிற்றுக்குள் போகிறது. இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பது சரியல்ல. அசுத்தத்தால் வருவது அது. ரத்தம் குறைந்தால் பசி குறையும். பசி குறைந்தால் ரத்தம் இன்னும் குறையும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? மண், பலப்பம், பச்சரிசி தின்கிறதா? அப்படியானால் அடிக்காதீர்கள், கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆண்டுக்கு இரண்டு தடவை அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை. அதற்கு மேல் ஒரு மாத்திரை. சின்னப் பிள்ளைக்குப் பொடி செய்து தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் மலம் கறுத்துப் போகும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

சரி, என்ன கொடுப்பது? இட்லி, தோசை இருந்தால்தான் காலைப் பலகாரம் என்று நினைக்க வேண்டாம். கேழ்வரகுக் கூழ், கம்மங்கூழ், மோர் ஊற்றிய பழையது, எல்லாமே நல்ல ஆகாரம். நல்ல குடிதண்ணீர் ஊற்றி மூடி வைத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம மண்ணில் விளைகிற மல்லாட்டை இருக்கிறதே, அதன் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைத்திருப்பதே திண்டிவனத்தின் பெயரால்தான். அதை மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்புகிறோம், பிள்ளைக்குப் பாக்கெட்டு வாங்கிக் கொடுக்கிறோம்! வறுத்து அரைத்துத் துவையலாகக் கூழோடு கொடுங்கள். ஐந்து வயதுக்குள் முழுப் பருப்பாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக் குழாயில் சிக்கிக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக் கீரை, முடிந்தபோது முட்டை, கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகப் பிடிக்கும்.

கொஞ்சமாகப் போடுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள். பிள்ளைக்கென்று தனித்தட்டு வையுங்கள். இருபது நிமிடம் பாருங்கள். சாப்பிடாவிட்டால் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பிஸ்கட்டு கொடுக்காதீர்கள். தகப்பன்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அப்பா சாப்பிடுவதைப் பார்க்கிற பிள்ளை தானும் சாப்பிடும்.

தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊர்ப்புறத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சூடாகப் போட ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் சாப்பிடாத பிள்ளை, பள்ளியில் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் சாப்பிட்டுவிடும். ஆகவே பிள்ளையை நேரத்தோடு அனுப்புங்கள். போகிற வழியில் கடைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது குடும்ப நலத்துக்கு வருகிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளை திடீரென்று சாப்பிடாமல் சிணுங்கினால், பல வீடுகளில் அம்மா மறுபடி கர்ப்பமாக இருப்பாள். பால் மறந்தது, மடியும் போயிற்று, கவனிப்பும் குறைந்தது. அந்தப் பிள்ளை இளைக்காமல் என்ன செய்யும்? ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் மூன்று வருட இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஆண்களுக்கான அறுவை சிகிச்சை எளிது. அதைச் செய்துகொண்டால் உழைக்கிற பலம் குறையாது.

கடைசியாக, வீட்டு வைத்தியத்துக்குக் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள்: எடை இறங்குதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, வழக்கத்துக்கு மீறிய தாகமும் அடிக்கடி சிறுநீரும். ஆரம்ப சுகாதார நிலையமோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே அன்றைக்கே போங்கள்.

இன்றைக்கு ராத்திரியே தொடங்குங்கள். பிள்ளைக்கு நேரத்தோடு சோறு போட்டுத் தூங்க வையுங்கள். நாளைக் காலையில் டீயை நிறுத்துங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அப்போதும் பசி வரவில்லை என்றால், எடை அட்டையை எடுத்துக்கொண்டு செவிலியரிடம் வாருங்கள்.