ஓரியனைக் கண்ணால் அறிவோம்

தை மாதத்து இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஏறத்தாழ உச்சிவானில் மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நெருங்கி நிற்கும். அதுதான் ஓரியன் என்னும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடைவார். அதற்கு வடக்கே சிவந்து ஒளிர்வது திருவாதிரை. தெற்கே நீலவெண்மையாக மின்னுவது ரைஜல். மார்கழித் திருவாதிரைத் திருநாள், முழுநிலவு இந்தச் செம்மீனை நெருங்கும் நாளையொட்டியே வருகிறது. ஆண்டுதோறும் களி படைக்கும் நாம் அந்த மீனைச் சுட்டிக்காட்டத் தெரியாமல் இருக்கலாமா? கருவி ஏதுமின்றி, கண்ணாலேயே ஓரியனை அடையாளம் காண ஒவ்வொருவரும் பழக வேண்டும் என்பதே என் வாதம்.

கைப்பேசிச் செயலி இருக்க இந்தப் பயிற்சி எதற்கு என்பார்கள். செயலி, எந்த மீன் எங்கே இருக்கும் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லும். இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று சொல்லாது. 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கி, பக்கத்து மீனான பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. ஓரியனைப் பழகிய கண்கள் இந்த மாற்றத்தைத் தொலைநோக்கி இல்லாமலே கண்டுகொண்டன. அந்த மீனே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதை மறைத்தது என்று 2021இல் அறிவியலாளர்கள் விளக்கினார்கள். விண்மீன் கூட்டம் என்பதே மனிதக் கற்பனைதானே என்றும் சிலர் கேட்கலாம். உண்மைதான், அந்த மீன்கள் வெவ்வேறு தொலைவில் இருப்பவை. ஆனாலும் ஒரு மீனை இன்னொன்றோடு ஒப்பிட நிலையான உருவம் வேண்டும். அதைத் தருவது அந்தக் கற்பனையே.

நகர வெளிச்சத்தில் என்ன தெரியும் என்பது வலுவான மறுப்பு. இடைவாரின் மூன்று மீன்களும் பெரும்பாலான நகரங்களில் இன்றும் தெரிகின்றன. சுற்றியுள்ள மங்கலான மீன்கள்தாம் மறைகின்றன. எவை மறைந்தன என்று பார்ப்பதே ஓர் அளவீடு. ‘குளோப் அட் நைட்’ திட்டத்தில் பொதுமக்கள் ஓரியன் போன்ற கூட்டங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பதிவு செய்கிறார்கள். 2011 முதல் 2022 வரை திரண்ட 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து, இரவுவானத்தின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியிருக்கிறது என்று 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்.இ.டி. விளக்குகளின் நீல ஒளியைச் செயற்கைக்கோள் சரிவரப் பதிவு செய்வதில்லை; மனிதக் கண் அதைக் காண்கிறது. கண்ணால் பார்ப்பதன் பயனுக்கு எவ்வளவு பெரிய சான்று இது!

ஆகவே ஆசிரியர்களே, இந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலையேனும் மாணவர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று ஓரியனைக் காட்டுங்கள். நகராட்சி உறுப்பினர்களே, ஒளி தரையில் மட்டும் விழும்படி தெருவிளக்குகளுக்கு மூடி அமையுங்கள்.