வீட்டில் கட்டும் படகும் கோணல் திருத்தமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆற்றுக்கு அக்கரையில் நிலம் உள்ளவனுக்குப் படகுதான் வண்டி. வெள்ளக் காலத்திலோ அதுவே உயிர் காக்கும் துணை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவ மக்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து பலரை மீட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே, தச்சு வேலை தெரிந்தவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு படகு கட்ட முற்படுவது பாராட்டத்தக்கதே. ஆயினும், கோணலாகக் கட்டிய படகைவிடப் படகே இல்லாதிருப்பது மேல். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன்.

நானும் என் தமையனாரும் முதன்முதலில் 12 அடி நீளத்தில் தட்டையடிப் படகு ஒன்று கட்டினோம். முன்புறத்தில் இடப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்ததைப் பலகை அடிக்குமுன்பே கண்டோம். சாயம் பூசினால் தெரியாது என்று விட்டுவிட்டோம். சாயம் கண்ணை ஏமாற்றிற்று, தண்ணீரை ஏமாற்றவில்லை. எப்படித் துடுப்புப் போட்டாலும் படகு ஒரு பக்கமே திரும்பிற்று. நாற்றுக்கட்டுகளை ஏற்றிய அன்று அப்பக்கம் சாய்ந்து நீர் புகுந்தது. படகில் எங்கள் தாயார் இருந்தார். இடுப்பளவு நீராயிருந்தமையால் பிழைத்தோம்.

படகின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டத்தை வங்கு என்பர். நேரான இரு மரங்களாலாகிய பீடத்தின்மேல் வங்குகளைத் தலைகீழாக நிறுத்திக் கட்டுவதே எளிய முறை. பலகை அடிக்குமுன் நான்கு சோதனைகள் அவசியம்.

முதலாவது, பீடம். அதன் இரு முனைகளிலும் நேரான கோல் ஒன்றைக் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குனிந்து பாருங்கள். இரு கோல்களும் ஒரே கோடாய்த் தெரியாவிடில் பீடம் முறுக்கியுள்ளது. தாழ்ந்த காலின் கீழ் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, நடுக்கோடு. மேலே முனைக்கு முனை நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு வங்கின் நடுக்குறியும் நூலுக்கு நேர்கீழே உள்ளதா என்று காணுங்கள்.

மூன்றாவது, வங்கின் நிலை. முன்முனையில் நடுக்கோட்டின்மேல் ஓர் ஆணி அடித்து, அங்கிருந்து வங்கின் இரு கோடிகளுக்கும் அளந்தால் அளவு ஒன்றாயிருக்க வேண்டும். கோடிகளின் உயரத்தைக் கொத்தனாரின் நீர் நிரப்பிய மட்டக்குழாயால் ஒப்பிடுங்கள்.

நான்காவது, வளைவு. மெல்லிய நீண்ட மரப்பட்டியை வங்குகளின் விளிம்பில் வளைத்துப் பிடியுங்கள். மேட்டை இழைப்புளியால் சீவலாம். பள்ளத்தில் மரச்சில்லு ஒட்டலாம். ஆனால் ஒரு வங்கு மேடாகத் தெரிவது, அண்டை வங்குகள் பள்ளமாயிருப்பதாலும் இருக்கலாம். மூன்றையும் அளந்த பின்னரே இழைப்புளியை எடுக்க வேண்டும்.

இரு பக்கமும் ஒரே அளவாய் வந்த சிறு பிழை அதிகம் கெடுக்காது. இடமும் வலமும் வேறுபடுவதே கேடு. பலகையை வலிந்து இழுத்து அதை மறைக்கலாகாது. திருகாணிகளைக் கழற்றி, வங்கை நேராக்கி, பழைய துளைகளை மரமுளையும் பசையும் இட்டு அடைத்து, வேறிடத்தில் முடுக்குங்கள். பலகைகளையும் இடம் ஒன்று, வலம் ஒன்றாக மாற்றி அடியுங்கள். ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் வங்குகள் அப்பக்கம் இழுபடும். பலகை முழுதும் அடித்தபின் படகு பெட்டிபோல் இறுகி, கோணலும் நிலைத்துவிடும்.

எங்கள் இரண்டாவது படகிலும் அதே பிழை நேர்ந்தது. இம்முறை 11 திருகாணிகளைக் கழற்றினோம். அரை நாள் வேலை; படகு நேராய்ச் சென்றது.

பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எவரேனும் படகு கட்டினால், பலகை அடிக்குமுன் வேறொரு தச்சர் அளந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கட்டி முடித்ததும் ஆழமற்ற நீரில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதியுங்கள். அதன் பின்னரே, மிதவைச் சட்டை அணிவித்து மனிதரை ஏற்றுங்கள். கழற்றித் திருத்துவதில் வெட்கமில்லை. கோணல் என்று தெரிந்தும் பிறரை ஏற்றுவதே வெட்கம்.