இலக்கம் பெறாத எழுத்து

பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கும் முதற் செல்வம் பெயராகும். அப்பெயரின் எழுத்தைப் பொறி அறியாவிடின் நேர்வது யாது? சீன தேசத்தில் இவ்வினா வெறுங் கற்பனையன்று.

பொருளுடைய ஓரசைக்கு ஓரெழுத்து என்பதே பெரும்பாலும் சீன மொழியின் முறை. 1716இல் முற்றுப்பெற்ற காங்சி அகராதியில் 47,000க்கு மேற்பட்ட எழுத்துக்கள் உள்ளன. கணினியோ ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இலக்கத்தைக் கொண்டே அறியும். 1980இல் சீன அரசாங்கம் வகுத்த நியமத்தில் 6,763 எழுத்துக்களுக்கே இலக்கம் கிடைத்தது. 1998 முதல் 2003 வரை பிரதமராயிருந்த சூ ரோங்ஜியின் பெயரிலுள்ள 'ரோங்' என்னும் எழுத்துக்கூட அதில் இல்லை. இரண்டு எழுத்துக்களை அருகருகே வைத்து அதனைக் காட்ட நேர்ந்தது.

பிரதமருக்கு இத்தகைய மாற்றுவழி உண்டு. சாதாரண குடிமகனுக்கு யார் வழி செய்வார்? அரிய எழுத்தைப் பெயரிற் கொண்டோர் வங்கிக் கணக்குத் திறக்கவும் பயணச்சீட்டுப் பெறவும் இடர்ப்பட்டனர். சிலர் பெயரையே மாற்றிக்கொண்டனர்.

உலக எழுத்துக்களுக்கெல்லாம் இலக்கம் வழங்கும் யுனிகோட் நியமம் இக்குறையைப் படிப்படியாக நீக்கி வருகின்றது. 1992இல் 20,902 சீன எழுத்துக்களும், 2001இல் மேலும் 42,711 எழுத்துக்களும் அதிற் சேர்ந்தன. ஓரெழுத்து இருமுறை புகாதவாறு அறிஞர்கள் ஆதாரங்களை ஒப்புநோக்கியே ஒவ்வொன்றையும் ஏற்கின்றனர். 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சீன நியமமோ 87,887 எழுத்துக்களைக் கொண்டது.

எனினும், இலக்கம் பெற்ற எழுத்து அலுவலகப் பொறிகளிலும் இடம்பெறுதல் வேண்டும். அந்நாளிலேதான் பெயருக்கு உரியவர் தம் பெயரை முழுமையாகப் பெறுவார்.