கறிவேப்பிலைப் புழுவுக்கும் ஒரு பங்கு



லயத்துக்கு முன்னால் நாலடி மண் கிடைத்தாலும் நாம் சும்மா விடுகிற ஆட்கள் இல்லை. ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, ஓரத்தில் நாலு பூச்செடி என்று எதையாவது வைத்துவிடுவோம். பூ பூத்தால் வண்ணத்துப்பூச்சி வரும். பிள்ளைகளும் பின்னால் ஓடுவார்கள். நமக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே கறிவேப்பிலையில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டால் என்ன செய்கிறோம்? பிடுங்கிப் போட்டு மிதிக்கிறோம். அந்தப் புழுதான் அந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் இதுதான்.

வண்ணத்துப்பூச்சி பூவுக்கு வருவது தேன் குடிக்க. முட்டையிடுவதற்கு அதற்கு இலை வேண்டும். அதுவும் ஏதாவது ஒரு இலை போதாது. ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று சில செடிகள்தான் உண்டு. தன் குஞ்சு தின்னக்கூடிய செடியைத் தேடித்தான் தாய் போகும். ஆகவே பூச்செடி மட்டும் வைத்தால் அது விருந்துக்கு வந்துவிட்டுப் போய்விடும். இலையும் வைத்தால்தான் குடியிருக்கும்.

நம் இலங்கையில் சுமார் 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் நம்மால் இடம் கொடுக்க முடியாது. நம் வாசலில் இருக்கிற மரத்துக்கு வருவதைக் காப்பாற்றினாலே போதும்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, தோடை, ஜம்போலா இந்த மரங்களைப் பாருங்கள். கறுப்பு இறக்கையில் வரிசையாக வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்று வரும். கறுப்பும் இளமஞ்சளும் கலந்த ஒன்று வரும். பெரிதாக, கறுப்பில் நீலம் தெரிகிற ஒன்றும் வரும். இவை கொழுந்து இலையில் கடுகளவு உருண்டை முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். சில நாளில் புழு வெளியே வரும். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும். குருவி ஏமாந்து போகட்டும் என்று இயற்கை போட்ட வேஷம் அது! வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு நெடியும் அடிக்கும். பயப்பட வேண்டாம், அது கொட்டாது. பிறகு கூட்டுப்புழுவாகிக் கிளையில் ஒட்டியிருக்கும். முட்டையிலிருந்து இறக்கை வரும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். குளிர் கூடிய இடங்களில் இன்னும் சில நாள் கூடும்.

"அப்போ நம்ம கறிக்கு இலை வேண்டாமா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஒரு மரம் வைக்கிற இடத்தில் இரண்டு வையுங்கள். ஒன்று அடுப்படிக்கு, மற்றது புழுவுக்கு. கன்றுக்குக் காசு தேவையில்லை. தாய்மரத்து வேரில் கிளம்புகிற குட்டிக் கன்றைத் தோண்டி நடலாம். பழுத்த பழத்தின் விதையை உடனே போட்டாலும் முளைக்கும். அடுப்படி மரத்தில் புழுவைக் கண்டால் அது இருக்கிற இலையோடு கிள்ளி மற்ற மரத்தில் வைத்துவிடுங்கள். கன்று சிறிதாக இருந்தால் இரண்டு மூன்று புழுவுக்கு மேல் விடவேண்டாம். வளர்ந்த மரம் தின்றதைத் திரும்பத் தளிர்த்துக்கொள்ளும்.

இன்னொரு பயமும் நமக்கு உண்டு. இந்தப் புழு தேயிலைக்குப் போய்விடாதா? போகாது. கறிவேப்பிலையில் வளர்கிற புழு தேயிலையைத் தின்னாது. கொழுந்தைச் சுருட்டி உள்ளே இருக்கிற புழு வேறு, அது இரவில் பறக்கிற அந்துப்பூச்சியின் புழு. மலையில் உடம்பில் பட்டால் அரிக்கிற, எரிகிற புழுக்களும் வேறு. உடம்பெல்லாம் மயிரோ முள்ளோ உள்ள எந்தப் புழுவையும் பிள்ளைகள் தொடக்கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

முக்கியமான விடயம் கிருமிநாசினி. மலையில் அடிக்கிற மருந்தில் கொஞ்சம் போத்தலில் கொண்டுவந்து வீட்டுச் செடிக்கு அடிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. புழு சாகும், சரி. அந்த இலையைத்தானே நாளைக்குக் கறியில் போடுகிறோம்? அந்த வாசலில்தானே நம்ம சின்னதுகள் விளையாடுகின்றன? புழுவைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கு அந்த மருந்து வரவே கூடாது.

நுவரெலியா பக்கம், குளிர் கூடிய தோட்டங்களில் கறிவேப்பிலை சரியாக வராது. அங்கேயும் வழி இருக்கிறது. தொட்டால் சுரீரென்று எரியும் செந்தட்டி கானோரத்தில் இருந்தால், பிள்ளைகள் நடக்காத மூலையில் கொஞ்சத்தை விட்டுவையுங்கள். கறுப்பும் செம்மஞ்சளுமான ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்னும். கீழ்நாட்டுத் தோட்டங்களில் அகத்தி, கொன்றை வைத்தால் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வரும். அகத்திக்கீரை நமக்கும் ஆகும்.

தேனுக்குச் சீனியா, செவ்வந்தி, செம்பருத்தி போதும். வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். பீலிக்கரை ஈரமண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்காருவதைப் பார்த்திருப்பீங்க. மண்ணிலுள்ள உப்புச் சத்தை உறிஞ்சத்தான் அவை வருகின்றன. வீட்டிலும் ஒரு உடைந்த தட்டில் மணல் போட்டு நனைத்து வைக்கலாம். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. தேங்கினால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

வண்ணத்துப்பூச்சி நம் சம்பளத்தைக் கூட்டாது, லயத்துக் கூரையையும் மாற்றாது. ஆனால் சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் "சமனல கந்த" என்று பேர். வண்ணத்துப்பூச்சி மலை என்று அர்த்தம். அந்த மலையடியில் வாழ்கிற நம் பிள்ளைகள், ஒரு முட்டை புழுவாகிக் கூடாகிப் பறப்பதைப் புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்து வளரவேண்டுமா? பாடசாலையில் படிக்கிறதைச் சொந்த வாசலிலேயே பார்க்கலாமே.

ஆகவே இந்த மழைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கன்று கூடுதலாக நடுவோம். இலையில் ஓட்டை விழுந்தால் செடி கெட்டுப்போச்சு என்று நினைக்காமல், அடியில் யார் இருக்கிறார் என்று பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவோம்.