கம்பி போகட்டும், கடமை போகக்கூடாது



ஒரு காலத்தில் பினாங்கில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி வந்தால், அந்த வரிசையில் இருந்த பத்து வீடுகளுக்கும் அது வந்ததாகவே பொருள். கூடத்தில் ஒரு சிறிய மேசை, அதன் மேல் பின்னல் விரிப்பு, விரிப்பின் மேல் தொலைபேசி, பக்கத்தில் எண்கள் எழுதிய நோட்டுப் புத்தகம். "உங்களுக்குப் போன் வந்திருக்கிறது" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னால், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். சாவுச் செய்தியும் அதில்தான் வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தியும் அதில்தான் வந்தது.

இன்று பல வீடுகளில் அந்த மேசை இருக்கிறது, தொலைபேசி இல்லை. இருக்கும் வீடுகளிலும் மணி அடித்தால், யாரோ மோசடிக்காரன் அழைக்கிறான் என்ற பயமே முதலில் வருகிறது. பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. அப்படியிருக்க, மாதாமாதம் பணம் கட்டி வீட்டுத் தொலைபேசியை ஏன் வைத்திருக்க வேண்டும்? பிள்ளைகள் "நிறுத்திவிடலாம்" என்கிறார்கள். பெரியவர்கள் "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

சென்னைக்கும் பினாங்குக்கும் ஒரு கம்பி

பினாங்குக்குத் தொலைத்தொடர்பு புதிதல்ல. 1870ஆம் ஆண்டின் இறுதியில், பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்தி நிறுவனம் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் ஒரு தந்திக் கம்பியைப் போட்டது. அது பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை நீண்டது. 1871ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேவை ஆரம்பமானது. அதுவரை கப்பலில் நாட்கணக்கில் பயணம் செய்த செய்தி, அன்று முதல் கடலுக்கு அடியில் ஓடத் தொடங்கியது. வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலும் உறவுகளை வைத்திருந்த தமிழர்களுக்கு இந்த வழித்தடம் எவ்வளவு பொருத்தமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தந்தி கொடுக்கக் காசு வேண்டும். அதனால் அது வணிகர்களுக்கும் அரசாங்கத்துக்கும்தான் முதலில் பயன்பட்டது.

பிற்காலத்தில் குரலே கடல் கடந்தது. அப்போதும் விலை குறைவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் பேச வேண்டுமானால், என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு, குடும்பமே தொலைபேசியைச் சுற்றி நின்றது. பாதி நேரம் "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே போய்விடும். அழும் பாட்டியிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "காசு ஓடுகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்!

இன்று அதே பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே, 2010களில் போடப்பட்ட வங்காள விரிகுடா நுழைவாயில் என்னும் கண்ணாடி இழைக் கடலடிக் கம்பி ஓடுகிறது. அதில் குரல், படம், வங்கிக் கணக்கு, சினிமா எல்லாம் ஒன்றாகப் போகின்றன. பேசும் நிமிடத்தை இப்போது யாரும் எண்ணுவதில்லை.

வழிவிட்டதே தொலைபேசிதான்

இணையம் வந்து தொலைபேசியை விழுங்கிவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் இணையத்தை வீட்டுக்குள் அழைத்து வந்ததே தொலைபேசிக் கம்பிதான். 1996ஆம் ஆண்டு டிஎம்நெட் சேவை தொடங்கிய பின், 1515 என்ற எண்ணைக் கணினி சுழற்றும். ஒரு கீச்சொலி கேட்கும். இணையம் வந்ததும் தொலைபேசி 'என்கேஜ்' ஆகிவிடும். "நெட்டை நிறுத்து, யாராவது கூப்பிடுவார்கள்" என்று அம்மா சத்தம் போடாத வீடு கிடையாது. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை வந்தபோதும், அது அதே செம்புக் கம்பியில்தான் ஓடியது.

இணையத்தில் குரலை அனுப்பும் முயற்சியும் அந்தக் காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இந்தியா 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசியைச் சட்டப்படி அனுமதித்தது. 2003இல் ஸ்கைப் வந்தது. லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளர்கள் வாங்கிச் சுரண்டிய மலிவுத் தொலைபேசி அட்டைகள் பலவற்றிலும், பேசியவருக்கே தெரியாமல் குரல் இணைய வழியாகத்தான் போயிற்று. 2015இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பும், மறு ஆண்டே காணொளி அழைப்பும் வந்தன. விலைப் போட்டி அத்தோடு முடிந்தது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலகையே பேச வைத்த ஸ்கைப், 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டது. அதன் உரிமையாளரான மைக்ரோசாப்ட், அறிவிப்புக் கொடுத்து இரண்டே மாதங்களில் கடையைக் கட்டிவிட்டது. புதியது என்பதாலேயே ஒன்று நிலைத்துவிடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

உள்ளே நடப்பது என்ன?

பழைய தொலைபேசியில் இருவர் பேசத் தொடங்கினால், முனையிலிருந்து முனைவரை ஒரு பாதை அவர்களுக்கென்றே ஒதுக்கப்படும். பேசாமல் சும்மா இருந்தாலும் அந்தப் பாதை அவர்களுடையதுதான். அதனால்தான் கட்டணம் கூடுதல். அதனால்தான் குரலும் தெளிவு.

இணைய அழைப்பு வேறு வகை. குரல் எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகிறது. பெரும்பாலும் ஒரு விநாடிக்கு ஐம்பது பொட்டலங்கள். அவை மற்றவர்களின் பொட்டலங்களோடு கலந்து போய், மறுமுனையில் மீண்டும் குரலாகச் சேர்கின்றன. ஒரே பாதையைப் பலர் பகிர்ந்துகொள்வதால் செலவு மிகக் குறைவு. ஆனால் நெரிசலில் சில பொட்டலங்கள் தாமதமாகும், சில தொலைந்தே போகும். குரல் விட்டு விட்டுக் கேட்பது அதனால்தான்.

2010 மார்ச் மாதம் யூனிஃபை கண்ணாடி இழைச் சேவை தொடங்கிய பின், இழை இணைப்பு பெற்ற வீடுகளில் மேசை மேல் இருக்கும் தொலைபேசியும் உள்ளே இணைய அழைப்பாக மாறிவிட்டது. எண் பழையது, 04இல்தான் தொடங்குகிறது. மணியும் பழையபடியே அடிக்கிறது. ஆனால் குரல் போவது பொட்டலமாகத்தான். ஆகவே, வீட்டுத் தொலைபேசியா இணைய அழைப்பா என்ற வாக்குவாதம் பல வீடுகளில் நடப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. யாரும் அவர்களிடம் விளக்கமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மின்சாரம் போனால்?

சொல்லாமல் விடப்பட்ட விளக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய செம்புக் கம்பி குரலை மட்டும் கொண்டு வரவில்லை. மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டு வந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் மின்கலங்களும் ஜெனரேட்டரும் இருக்கும். அங்கிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியே வீட்டுக்கு வரும். வீடு இருண்டாலும் கம்பி பொருத்திய சாதாரணத் தொலைபேசி பேசும். இழை இணைப்பில் அப்படி இல்லை. ஒளிக்கு மின்சாரத்தைச் சுமந்து வரத் தெரியாது. வீட்டில் மின்சாரம் நின்றால் மோடம் அணையும். மோடம் அணைந்தால் தொலைபேசியும் ஊமையாகும்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவைப் பினாங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடிய விடியப் பேய்க்காற்றும் பெருமழையும். ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பல இடங்களில் மின்சாரம் நின்றது. அப்படியொரு இரவில், ஆயர் ஈத்தாம் பக்கம் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டது. வீட்டுத் தொலைபேசியைக் கையில் எடுக்கிறார். சத்தமே இல்லை. அது ஏன் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அடுத்தது முகவரி. 2007ஆம் ஆண்டு முதல் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 999 என்ற ஒரே எண் போதும் என்று ஆனது. வீட்டுத் தொலைபேசி எண் ஒரு முகவரியோடு கட்டுண்டது. பேச முடியாமல் ஒருவர் விழுந்து கிடந்தாலும், அந்த எண்ணை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இணையச் செயலிக்கு வீடு வாசல் கிடையாது. தன்னை அவசர அழைப்புக்கு நம்ப வேண்டாம் என்று ஸ்கைப் நிறுவனமே சொல்லி வந்தது. அமெரிக்காவில் 2005இல், சாதாரண எண்களோடு இணைந்து செயல்படும் இணையத் தொலைபேசி நிறுவனங்கள் அவசர அழைப்பு வசதியைத் தந்தே ஆக வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது.

பிரிட்டனின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. அங்கே பழைய தொலைபேசிக் கட்டமைப்பை 2025 இறுதிக்குள் மூடிவிடத் திட்டமிட்டார்கள். தனியாக வாழும் முதியோர் கழுத்தில் அணியும் அபாயப் பொத்தான்கள் அந்தக் கம்பியை நம்பியிருந்தன. மாற்றத்தின்போது அவற்றில் சில வேலை செய்யாமல் போன கடுமையான சம்பவங்கள் நடந்தன. கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. தொழில்நுட்பம் தயாராக இருந்தது. முதியோர் வீடுகள் தயாராக இல்லை.

வெள்ளம் வருமுன் அணை

அதற்காகச் செம்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ வேண்டுமா? வேண்டாம். அது அரித்துப்போகிறது, மழையில் கரகரக்கிறது, திருடு போகிறது. அதைப் பழுது பார்த்துக்கொண்டே இருப்பதும் கட்டுப்படியாகாது. கம்பி போகட்டும். ஆனால் அது இத்தனை காலம் சத்தமில்லாமல் செய்து வந்த கடமைகள் போய்விடக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. மோடத்துக்கும் ரூட்டருக்கும் சிறிய யூபிஎஸ் மின்கலம் ஒன்று வாங்கி வைக்கலாம். தரை வீடுகளில் இணைப்பகத்திலிருந்து வரும் இழைக்கு நடுவழியில் மின்சாரம் தேவையில்லை. ஆகவே இணைப்பகம் இயங்கும் வரை, இந்தச் சிறு மின்கலம் சில மணி நேரம் தாங்கும். பழைய அடுக்குமாடிகளில் இழை கட்டடத்தின் அடியோடு நின்று, மேலே செம்பில் ஏறுவதும் உண்டு. அங்கே கட்டடத்தின் மின்சாரமும் வேண்டும். இதை நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பியில்லாக் கைப்பிடித் தொலைபேசிக்கும் மின்சாரம் தேவை என்பதை மறக்க வேண்டாம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சாதாரணக் கைத்தொலைபேசி ஒன்றும் மின்னேற்றியும் எப்போதும் தயாராக இருக்கட்டும். முக்கியமான எண்களையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 999ஐ அழைத்தால் முதலில் முகவரியைச் சொல்லப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் பழக்குங்கள்.

வீட்டால் மட்டும் ஆகாத காரியமும் இருக்கிறது. இழை இணைப்புக் கொடுக்க வரும் நிறுவனம், "மின்சாரம் நின்றால் இந்தத் தொலைபேசி பேசாது" என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியாக வாழும் முதியோருக்கு மின்கலத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்கும் பொறுப்பு தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு உண்டு. கேட்கும் பொறுப்பு மக்களுக்கு உண்டு.

வீட்டில் அந்த வாக்குவாதம் அடுத்த முறை எழும்போது, நிறுத்துவதா வைத்திருப்பதா என்ற கேள்வியை ஒருபுறம் வையுங்கள். நள்ளிரவில் விளக்கு அணைந்தால் அம்மா யாரை, எதில் அழைப்பார் என்று கேளுங்கள். அதற்கு வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரிந்த பிறகு, கம்பியைத் தாராளமாக எடுத்துவிடலாம்.