பிழை காட்டும் எழுத்துரு



ஆரணிப் பட்டுச் சேலையின் முந்தானையில் பூ விழுவது ஜக்கார்டு அட்டையால். ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு உரியது. ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். ஓர் ஓட்டை தவறினாலும் பூவில் அது தெரிந்துவிடும்.

கணினித் திரையில் விழும் தமிழெழுத்தில் பிழை அப்படித் தெரிவதில்லை. ஆரணியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் கௌரி என்ற பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 'கௌ' என்பதை முறையாகத் தட்டியிருப்பார். இன்னொருவர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' சேர்த்திருப்பார். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒன்றுதான். கணினிக்கோ அவை வேறு வேறு. பெயரைத் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

இதற்காகத்தான் சோதனை எழுத்துரு. படிப்பதற்கு அல்ல, பிழை பிடிப்பதற்கு. அதில் ஔகாரக் குறியின் வலப்பாதியை 'ள' போல வரையாமல் ஒரு முக்கோணமாக வரைந்துவிட்டால் போதும். முக்கோணம் வந்தால் சரியாகத் தட்டியது. 'ள' வந்தால் தவறு. ஒரே பார்வையில் பட்டியல் முழுவதும் சரிபார்த்துவிடலாம்.

உலக அளவில் இந்த வேலைக்குப் பெயர்போனது 'ஆஹெம்' என்ற எழுத்துரு. இணைய உலாவிகள் பக்கங்களைச் சரியாக அமைக்கின்றனவா என்று சோதிக்கப் பயன்படுவது. அதில் பெரும்பாலான எழுத்துகள் வெறும் கருப்புச் சதுரம். சதுரத்தின் உயரத்தை 1000 பங்காக வைத்தால் 800 பங்கு அடிக்கோட்டுக்கு மேலே, 200 பங்கு கீழே. அளவு இவ்வளவு துல்லியமாக இருப்பதால், எழுத்து எங்கே விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஒரு புள்ளி விலகினாலும் சதுரங்களுக்கு இடையே இடைவெளி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நம் எழுத்துக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். 'கொ' என்று தட்டினால் கணினியின் நினைவில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னே போக வேண்டும், கால் பின்னே நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை மென்பொருள்தான் செய்கிறது. அதில் கோளாறு வந்தால் எழுத்து சிதையும். சில நேரம் செயலியே நின்றுபோகும். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து விழுந்ததும் ஐபோன்களில் செய்தி அனுப்பும் செயலிகள் முடங்கின. ஆப்பிள் நிறுவனம் அந்த மாதமே திருத்தம் வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் ஓர் எழுத்தில் இருந்த கோளாறு, மென்பொருள் மக்கள் கைக்குப் போன பிறகுதான் வெளிப்பட்டது என்பது எனக்கு வேதனை தருகிறது.

தமிழுக்கு ஒரு சோதனை எழுத்துருவை நாமே செய்யலாம். யூனிகோடில் தமிழ்ப் பகுதியில் இருப்பவை 72 குறிகள்தாம். 'ஃபான்ட்ஃபோர்ஜ்' என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் வரையலாம். கொம்புக்கு அரைச் சதுரம், காலுக்கு நெடுங்கோடு, தமிழ் எண் ௧-க்கும் ககரத்துக்கும் வேறு வேறு வடிவம் என்று. அழகான கையெழுத்து தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

ஆரணியில் பொறியியல் படிக்கும் மாணவர்களே, உங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்ததும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள். ரேஷன் அட்டையிலும் சங்கத்துப் பாஸ்புக்கிலும் ஒரு நெசவாளியின் பெயர் பிழையில்லாமல் வர அது உதவும்.