மிதிப்பெட்டியில் எழும் வேண்டாத ஓசை



தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், வீணையோ வயலினோ இருந்த மூலையில் இன்று மின் கிதார் ஒன்று சாய்ந்து நிற்பதைப் பலகாலும் காண்கிறோம். அதனை வாசிக்கும் பிள்ளைகளுள் சிலர் வாசிப்போடு அமையாது, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி ஒன்றையும் தம் கையாலேயே செய்ய முற்படுகின்றனர். கிதாரின் நாதத்தை முரடாக்கவும் எதிரொலிக்கச் செய்யவும் வல்லது அப்பெட்டி. கடையில் பெடல் என்றால்தான் தெரியும். இப்பேச்சில் மிதிப்பெட்டி என்றே வழங்குகிறேன். அதற்கு வேண்டிய உறுப்புகள் தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் சில்லறையாகவே கிடைக்கின்றன.

செய்து முடித்த பிறகுதான் துன்பம் தொடங்குகிறது. பெட்டியை இணைத்து மிதித்தவுடன், நாதத்தோடு கூடவே உறுமலோ சீறலோ புறப்படுகிறது. பையன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறான். ஓசை மாறுவதில்லை. பெட்டி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்ச் சேர்கிறது. தனக்கு இக்கலை வராது என்ற முடிவும் அதனுடன் சேர்ந்து உள்ளே போகிறது. பெட்டியின் குறையோ பல சமயம் ஒரே ஒரு கம்பியில் இருக்கும்.

மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட கலைப் பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். குறை காணும் பணியில் முற்பாதி மின்னியல் அன்று. கேட்டலும் பெயரிடுதலுமே ஆகும். ஆங்கிலத்தில் ‘நாய்ஸ்’ என்ற ஒரு சொல்லுக்குள் அனைத்தையும் அடக்கிவிடலாம். நமக்கோ உறுமல், சீறல், கரகரப்பு, கீச்சு என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் பெட்டிக்குள் வெவ்வேறு இடத்தைச் சுட்டுகின்றன. எது கேட்கிறது என்று சொல்லத் தெரிந்த பின்னரே பற்றவைக்கும் கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேண்டாத ஓசை எல்லாமே பகையன்று. அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய பாடல் ஒன்று 1961ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் ஒலிப்பதிவில், பழுதான கருவி ஒன்றின் வழியே சென்ற கிதாரின் நாதம் கிழிந்து முரடாகிப் பதிவாயிற்று. அதை நீக்காமல் விட்டனர், கேட்டவர்கள் விரும்பினர். அவ்வோசையை வேண்டும்போது உண்டாக்குவதற்கென்றே 1962இல் மேஸ்ட்ரோ நிறுவனத்தின் ‘ஃபஸ் டோன்’ என்னும் மிதிப்பெட்டி விற்பனைக்கு வந்தது. ஆகவே, பையனின் பெட்டி முரட்டு நாதம் எழுப்புகிறதே என்று பெற்றோர் கவலை கொள்ள வேண்டுவதில்லை. வாசிக்காதபோதும் ஓசை வருகிறதா என்பதே கேள்வி.

சோதனையைப் பெட்டிக்கு வெளியிலிருந்து தொடங்குக. முதலில் கிதாரிலுள்ள ஒலியளவுத் திருகை முழுவதும் தணியுங்கள். உறுமல் நின்றுவிட்டால் அது கிதாரிலிருந்து வருவது; பெட்டி அதனைப் பெருக்கிக் காட்டிய குற்றமன்றி வேறு செய்யவில்லை. ஒற்றைக் கம்பிச்சுருள் உடைய கிதார்கள் அறையிலுள்ள மின்காந்த அலைவை வாங்கிக்கொள்ளும் இயல்பின. வாசிப்பவர் நாற்காலியோடு சிறிது திரும்பி அமர்ந்தாலே உறுமல் ஏறி இறங்குவதைக் கேட்கலாம். நம் வீடுகளின் மின்விசிறி ரெகுலேட்டரும், மின்தடையின்போது இயங்கும் மலிவான இன்வர்ட்டரும் இவ்வகையில் பெருந்தொல்லை தருவன. விசிறியை நிறுத்திப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் மின்கலம் ஒன்றை இணைத்துப் பாருங்கள். ஓசை மறைந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்; அடாப்டரே குற்றவாளி.

உறுமலின் சுருதியும் ஒரு சாட்சி. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அதிர்வு உடையது. சுவர்க் கம்பிகளிலிருந்து காற்று வழியே தொற்றும் உறுமல் 50 அதிர்விலும், அடாப்டர் மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும்போது எஞ்சும் உறுமல் 100 அதிர்விலும் ஒலிக்கும். கிதாரின் தடித்த தந்தியை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டினால் ஏறக்குறைய 98 அதிர்வு வரும். உறுமல் அதனோடு ஒன்றினால் அடாப்டரையும், ஒரு ஸ்தாயி கீழே நின்றால் கவசக் குறையையும் ஐயுறலாம். அமெரிக்க நூல்கள் 60, 120 என்று எழுதியிருப்பது அந்நாட்டு மின்சாரத்தைக் குறித்தது. அக்கணக்கு இங்கே பொருந்தாது. சிறிய ஒலிபெருக்கிகள் 50 அதிர்வைச் சரிவர ஒலிப்பதில்லையாதலால், மின்கலச் சோதனையையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்லுக. சுருதி பார்க்கும் வேலையைப் பாட்டுக் கற்ற தாயாரிடம் விட்டால் பையனைவிட விரைவில் சொல்லிவிடுவார்.

அடாப்டரின் உறுமலுக்கு மருந்து எளியது. பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் கம்பியில் 100 ஓம் மின்தடை ஒன்றையும், அதன் பின்னர் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் குறுக்காகவும் இணைத்தால், 100 அதிர்வு உறுமல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும்.

காற்று வழி உறுமலுக்குக் கவசம் வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி கவசமாகாது. அலுமினியப் பெட்டி சிறந்தது. அது கிடைக்காத இடத்தில் எவர்சில்வர் டிபன் பெட்டியும் குறையின்றிப் பணி செய்யும். ஆனால் அவ்வுலோகம் சுற்றின் ‘கிரவுண்டு’டன் தொட்டிருக்க வேண்டும். வண்ணம் பூசிய பெட்டியானால், செருகுவாய் பொருந்தும் இடத்தில் உட்புற வண்ணத்தைச் சுரண்டிவிடுக.

இந்தக் ‘கிரவுண்டு’ என்ற சொல் மொழிபெயர்ப்பாளனைத் தடுமாற வைப்பது. நிலம் என்று பெயர்த்தால், பெட்டியிலிருந்து மண்ணுக்குக் கம்பி புதைக்க வேண்டும் போலும் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். மின்கலத்தில் இயங்கும் பெட்டிக்கு மண்ணோடு உறவே இல்லை. மின்கலத்தின் எதிர்முனையும், செருகுவாய்களின் வெளிவளையமும், பெட்டியின் உலோகமும் கூடும் பொதுவிடமே அது. பொதுமுனை என்று நான் எழுதி வருகிறேன்.

சுவரிலுள்ள மூன்று முளைச் செருகியின் ‘எர்த்’ இதனின் முற்றும் வேறானது. அது உண்மையாகவே மண்ணுக்குச் செல்வது, உயிரைக் காப்பது. ஒலிபெருக்கியின் எர்த் முளையைக் கழற்றிவிட்டால் உறுமல் நிற்கும் என்று கடைத்தெருவிலே யோசனை சொல்வோர் உளர். சில சமயம் நிற்கவும் செய்யும். ஆயினும் கிதாரின் தந்திகள் அவ்வொலிபெருக்கியின் உலோக உடலோடு இணைந்தவை. உள்ளே மின்கசிவு நேர்ந்தால் வாசிப்பவரின் விரல்களே அதன் வழியாகும். ‘ஸ்டோன் த குரோஸ்’ என்னும் ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972இல் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் இணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி மாண்டார். வாடகை வீடுகளில் மூன்றாவது துளை வெறுந்துளையாகவே இருப்பதும் உண்டு. பெட்டியைச் செய்யும் முன்னர் மின்பணியாளரை அழைத்து அதைச் சோதிப்பது நன்று.

கரகரப்பு என்பது பெரும்பாலும் ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. மரக்குச்சியால் உறுப்புகளை ஒவ்வொன்றாய் மெல்லத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது கரகரக்கிறதோ அங்கே மீண்டும் பற்றவையுங்கள். கீச்சு எழுந்தால், உள்ளே வரும் கம்பியும் வெளியே செல்லும் கம்பியும் நெருங்கிக் கிடக்கின்றனவா என்று பார்த்து அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

இவற்றிலும் அகப்படாத குறைக்கு ஒரு துப்பறிவான் உண்டு. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கவசக் கம்பியின் நடுநரம்பில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்து, வெளிவளையத்தைப் பெட்டியின் பொதுமுனையில் கட்டுங்கள். மின்தேக்கியின் மறுநுனியால் சுற்றை நுழைவாயிலிலிருந்து படிப்படியாகத் தொட்டுக் கேளுங்கள். ஓசை முதன்முதல் எங்கே தோன்றுகிறதோ, குறை அவ்விடத்திற்கும் அதற்கு முந்திய இடத்திற்கும் இடையில் உள்ளது. இதனை மின்கலப் பெட்டியில் மட்டுமே செய்க. சுவர் மின்சாரத்தில் இயங்கும் ஒலிபெருக்கியின் உள்ளே, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

சீறல் ஒன்றுதான் முற்றிலும் நீங்காதது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் துகள்கள் ஓயாது அலைவதால் அது பிறக்கிறது என்று ஜான்சனும் நைக்விஸ்டும் 1928இல் விளக்கினர். நாம் கேட்கும் ஒலியெல்லைக்குள், 10 இலட்சம் ஓம் மின்தடை ஒன்று தானாகவே ஏறத்தாழ 18 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்கும்; 10 ஆயிரம் ஓம் அதில் பத்தில் ஒரு பங்குதான். நாதம் செல்லும் வழியில் பெரிய மின்தடைகளை இயன்ற அளவு குறைத்து, பழைய கரித்தடைகளுக்குப் பதிலாக உலோகப்படல வகையைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சும் மெல்லிய சீறல் வாசிக்கத் தொடங்கியதும் நாதத்தில் மறைந்துவிடும்.

பெட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலக் கேட்டால் அஞ்ச வேண்டாம். மத்திய அலை ஒலிபரப்பு நிலையம் அருகிலிருக்கும்போது, நீண்ட கவசமற்ற கம்பி வான்கம்பியாகவும் முதல் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியாகவும் மாறிவிடுகின்றன. கம்பியைச் சுருக்கி, அந்த டிரான்சிஸ்டரின் பேசுக்கும் எமிட்டருக்கும் இடையே 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இடுங்கள். எங்கள் குரல் அங்கே கேட்காது.